ஆன்லைன் கேசினோ லாபி: முதலில் எந்தப் பிரிவைத் தொடுவது?

பிரிட்டனில் உரிமம் பெற்ற ஆன்லைன் கேசினோ எதைத் திறந்தாலும் முதல் திரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு பட்டை: ஸ்லாட் (சின்னங்கள் சுழன்று நிற்கும் ஆட்டம்), ஜாக்பாட், லைவ் கேசினோ, டேபிள், பிங்கோ, ஸ்லிங்கோ, ஸ்கிராட்ச். அதற்குக் கீழே ‘பிரபலமானவை’, ‘புதியவை’, ‘உங்களுக்காக’ என்று வரிசை வரிசையாகப் படங்கள். கட்டைவிரலால் நாலு தடவை தள்ளினாலும் ஸ்லாட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. புதிதாக வருகிறவர் அந்தப் படங்களில் ஒன்றைத் தொட்டுத்தான் ஆரம்பிக்கிறார். லாபியை அடுக்கியவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். கேசினோவுக்கு மணிக்கணக்கில் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிற சரக்கு முன்வரிசையில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் செலவு குறைவான சரக்கைத் தேடல் பெட்டியில் பெயர் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மதிப்பீடு லாபியைப் பிரிவு பிரிவாக எடுத்து, எதில் ஆரம்பித்தால் எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறது.

யாருக்காக என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லண்டனிலும் லெஸ்டரிலும் மற்ற ஊர்களிலும் வாழ்கிற, 18 வயது தாண்டிய, அங்குள்ள சட்டப்படி ஆட உரிமை உள்ள தமிழர்களுக்காக எழுதியது இது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் வருகிற ‘இந்தியாவுக்கு ஸ்பெஷல்’ லிங்க் எதுவாக இருந்தாலும் அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே பணம் மாட்டிக்கொண்டால் போய்க் கேட்க ஓர் அலுவலகம்கூடக் கிடையாது.

எந்தப் பிரிவையும் எடைபோட ஒரே ஒரு பெருக்கல் போதும். ஒரு சுற்றுக்கு வைக்கிற பணம், மணிக்கு எத்தனை சுற்று, கேசினோவின் பிடித்தம் எத்தனை சதவீதம்: மூன்றையும் பெருக்குங்கள். ஆங்கிலத்தில் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்களே, அதைத்தான் இங்கே பிடித்தம் என்று சொல்கிறோம். ஆர்டிபி என்பது வைத்த பணத்தில் சராசரியாகத் திரும்பி வரும் பங்கு. விளையாட்டின் உள்ளே ‘ஆர்டிபி 96%’ என்று எழுதியிருந்தால் பிடித்தம் 4 சதவீதம். நீங்கள் கொண்டுவந்த பணத்தில் 4 சதவீதம்தான் போகும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஜெயித்ததைத் திரும்பத் திரும்ப வைக்கும்போது, வைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த 4 சதவீதம் கழிகிறது. 20 பவுண்டோடு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரத்தில் மொத்தமாக 300 பவுண்டுக்குப் பந்தயம் வைத்திருப்பார். சராசரிச் செலவு அந்த 300-க்குக் கணக்கு, 20-க்கு அல்ல.

பெரும்பாலானவர்கள் பிடித்தத்தை மட்டும் பார்க்கிறார்கள், வேகத்தை விட்டுவிடுகிறார்கள். லாபிக்குள் பிரிவுக்குப் பிரிவு பெரிதாக மாறுவது வேகம்தான்.

முன்வரிசையில் நிற்கிற ஸ்லாட்டிலிருந்து தொடங்குவோம். பிரிட்டனில் ஒரு ஸ்பின்னுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 2.5 விநாடி இருக்க வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் வந்தது. தானாகச் சுழலும் ஆட்டோபிளே, ரீலை அவசரமாக நிறுத்தும் பொத்தான், வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பி வந்தாலும் வெற்றி மாதிரிக் கொண்டாடும் சத்தம் ஆகியவையும் அதோடு போயின. நல்ல விதிகள். ஆனால் 2.5 விநாடி என்றாலும் கணக்குப்படி மணிக்கு 1,440 ஸ்பின் போடலாம். நிதானமாக ஆடினாலே 600 ஆகிவிடும். ஸ்பின்னுக்கு 20 பென்ஸ் என்றால் 600 ஸ்பின்னுக்கு 120 பவுண்டு உருள்கிறது. பிடித்தம் 4 சதவீதமாக இருந்தால் மணிக்குச் செலவு 4.80 பவுண்டு. அதே ஸ்லாட்டில் ஸ்பின்னுக்கு ஒரு பவுண்டு வைத்தால் 24 பவுண்டு. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு ஸ்பின்னுக்கு உச்சவரம்பு 5 பவுண்டு. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு அதே ஆண்டு மே மாதத்திலிருந்து 2 பவுண்டு. அந்த 5 பவுண்டு வரம்பில் 600 ஸ்பின் போட்டால் மணிக்குச் சராசரியாக 120 பவுண்டு போகும். வரம்பு என்று எழுதியிருப்பதாலேயே அதுவரை போனால் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்லாட்டில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஆர்டிபி விவகாரம். ஒரே பெயர், ஒரே படம், ஒரே இசை. ஆனால் தயாரித்த நிறுவனம் அதைப் பல ஆர்டிபியில் விற்கிறது, எதை வாங்குவது என்பது கேசினோவின் முடிவு. புக் ஆஃப் டெட் என்ற பிரபலமான ஸ்லாட் 96.21 சதவீதத்திலும் கிடைக்கிறது, 94.25 சதவீதத்திலும் கிடைக்கிறது. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். பிடித்தத்தின் பக்கமிருந்து பாருங்கள்: ஒன்றில் 3.79, இன்னொன்றில் 5.75. அதாவது ஒரே ஆட்டத்துக்கு ஒன்றரை மடங்கு விலை. வெளியே உள்ள விமர்சனத் தளங்களில் எழுதியிருப்பது பெரும்பாலும் உயர்ந்த எண்தான். நீங்கள் ஆடப்போகிற பதிப்பின் எண் அந்த விளையாட்டுக்கு உள்ளேதான் இருக்கும். திறந்ததும் பந்தயப் பொத்தானைத் தொடாதீர்கள். மூலையில் மூன்று கோடு அல்லது கேள்விக்குறி இருக்கும், அதைத் தொடுங்கள். எந்தச் சின்னத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலைத் தாண்டி, விதிகள் என்ற பகுதியின் அடி வரைக்கும் தள்ளுங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், சதவீதம் அதில்தான். இந்தத் தகவலை ஆட்டக்காரருக்குக் கிடைக்கும்படி வைத்தாக வேண்டும் என்பது பிரிட்டன் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்தின் (கேம்ப்ளிங் கமிஷன்) விதி. 95-க்குக் கீழே இருந்தால் வெளியே வந்துவிடுங்கள், அதே ஸ்லாட் வேறொரு கடையில் நல்ல பதிப்பாக இருக்கலாம்.

அடுத்தது ஏற்ற இறக்கம். இரண்டு ஸ்லாட்டுக்கும் ஆர்டிபி 96 என்றாலும் ஒன்று சில்லறை சில்லறையாகத் திருப்பித் தரும், இன்னொன்று இருநூறு ஸ்பின் பட்டினி போட்டுவிட்டு ஒரே அடியாகத் தரும், அல்லது தராமலே போகும். 2012-இல் வந்த ஸ்டார்பர்ஸ்ட் முதல் ரகம், ஆர்டிபி 96.09. பரிசுக்குக் கணக்காகும் பத்து கோடு, இரு பக்கமிருந்தும் சேரும் சின்னங்கள், போனஸ் சுற்று என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்லாட் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும் என்பவருக்கு அது பொருத்தம். புக் ஆஃப் டெட் இரண்டாவது ரகம். கையிலுள்ள பணத்தை 200-ஆல் வகுத்து, அதற்கு மேல் ஒரு ஸ்பின்னுக்கு வைக்காமல் இருந்தால் இரண்டாவது ரகத்தில் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கலாம். 20 பவுண்டு என்றால் 10 பென்ஸ்.

ஜாக்பாட் பிரிவுக்குள் முதல் நாளில் போகவே கூடாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. மெகா மூலா என்ற 2006ஆம் ஆண்டு ஸ்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை ஆட்டம் திருப்பித் தருவது 88.12 சதவீதம்தான். அதற்கு மேல் உள்ளதில் ஒரு பங்கு நான்கு ஜாக்பாட் குடங்களில் போய்ச் சேர்கிறது. 2015-இல் பிரிட்டனில் ஒருவர் 25 பென்ஸ் வைத்து ஒரு கோடியே 32 லட்சம் பவுண்டு ஜெயித்தது உண்மை. அந்தத் தொகை அத்தனை பேரின் பென்ஸிலிருந்து திரண்டது என்பதும் உண்மை. குடம் உடையாத வரைக்கும் ஆடுகிறவர் 12 சதவீதப் பிடித்தத்தில் ஆடுகிறார். சாதாரண ஸ்லாட்டைப் போல மூன்று மடங்கு.

இனி லைவ் கேசினோ. ரீகா போன்ற ஊர்களில் உள்ள ஸ்டூடியோக்களில் உண்மையான மேஜை, உண்மையான சீட்டு, உண்மையான டீலர். கேமரா வழியாக உங்கள் திரைக்கு வருகிறது. எவல்யூஷன் என்ற நிறுவனம் 2006-இல் தொடங்கி இந்தத் துறையைப் பெரிதாக்கியது. ஆரம்பிக்க இந்தப் பிரிவு ஏற்றது என்பதற்குக் காரணம் அந்த டீலர்களின் அழகான வரவேற்பு அல்ல, மேஜையின் மெதுவான நடைதான். ரூலெட் என்றால் சக்கரத்தில் பந்து சுற்றி ஓர் எண்ணில் விழ வேண்டும், எண்ணை அறிவிக்க வேண்டும், அடுத்த பந்தயத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். சாதாரண லைவ் ரூலெட் மேஜையில் மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஒரு பவுண்டு வீதம் 40 சுற்று வைத்தால் சராசரிச் செலவு 1.08 பவுண்டு. 20 பென்ஸ் ஸ்லாட்டில் நிதானமாக ஆடியதற்கே 4.80 ஆனதை நினைத்துப் பாருங்கள். இங்கே ஐந்து மடங்கு பணம் வைத்தும் செலவு கால்வாசிக்கும் கீழே.

ரூலெட்டில் தேர்வு செய்ய வேண்டியது சக்கரத்தைத்தான். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 அறை, ஒரே ஒரு பூஜ்யம், பிடித்தம் 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யத்தோடு 38 அறை, பிடித்தம் 5.26. அமெரிக்க மேஜையில் 0, 00, 1, 2, 3 ஐந்துக்கும் சேர்த்து வைக்கிற பந்தயத்தில் அது 7.89. ஐரோப்பியச் சக்கரம் பக்கத்திலேயே இருக்கும்போது அமெரிக்கச் சக்கரத்தில் உட்கார ஒரு காரணமும் இல்லை. தேடல் பெட்டியில் ‘பிரெஞ்சு’ என்று தட்டினால் மூன்றாவது ஒன்று வரும். அங்கே லா பார்த்தாஜ் விதி இருந்தால், சிவப்பு-கறுப்பு, ஒற்றை-இரட்டை போன்ற சரிசமப் பந்தயத்தில் பூஜ்யம் விழும்போது பாதிப் பணம் திரும்பி வருகிறது. பிடித்தம் 1.35-ஆக இறங்கும். பெயரில் பிரெஞ்சு என்று இருந்தாலும் விதி இருக்கிறதா என்று உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டே உட்காருங்கள்.

மேஜைக்குப் பக்கத்தில் கடைசியாக விழுந்த எண்களின் பட்டியல், ‘சூடான எண்’, ‘குளிர்ந்த எண்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். ஏழு தடவை கறுப்பு விழுந்தது பந்துக்குத் தெரியாது. தோற்றால் இரட்டிப்பாக்கும் முறையும் இங்கேதான் அதிகம் நடக்கிறது: 1, 2, 4, 8, 16, 32, 64. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 127 பவுண்டு போயிற்று. எட்டாவதுக்கு 128 வேண்டும், அத்தனையும் ஒரே ஒரு பவுண்டு லாபத்துக்காக. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் சரிசமப் பந்தயம் ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 106-இல் ஒன்று. வாரத்தில் நாலைந்து மணி நேரம் இந்த முறையில் ஆடுபவருக்கு அது எப்போதாவது அல்ல, சீக்கிரமே வரும்.

மின்னல் வெட்டுகிற லைட்னிங் ரூலெட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண மேஜையில் ஒற்றை எண்ணுக்கு 35 மடங்கு, இங்கே 29 மடங்கு. பிடித்துக்கொண்ட அந்த ஆறு மடங்கிலிருந்துதான் 50 முதல் 500 வரையிலான மின்னல் மடங்குகள் வருகின்றன. சிவப்பு-கறுப்பில் வைப்பவருக்கு அந்த மின்னலால் ஒரு பயனும் இல்லை.

லைவ் பட்டையிலேயே கேம் ஷோ என்று இன்னொரு கிளை. கிரேஸி டைம் அதில் பெரிய பெயர். சக்கரத்தில் 54 அறை. 21 அறையில் 1, 13 அறையில் 2, ஏழில் 5, நான்கில் 10. மீதமுள்ள ஒன்பது அறை போனஸ். அதிலும் எல்லாரும் காத்திருக்கிற கிரேஸி டைம் அறை ஒன்றே ஒன்று. 54 சுற்றுக்கு ஒரு முறை என்ற சராசரியில் வருகிற அதற்காக ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். எட்டு இடத்திலும் 10 பென்ஸ் வைத்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். அது சுற்றுக்கு 80 பென்ஸ், அதுவும் எந்த இடத்தில் வைத்தாலும் ஏறக்குறைய 4-க்கும் 6-க்கும் இடைப்பட்ட பிடித்தத்தில். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கிறது, பார்க்கக் காசு கேட்பதில்லை.

பாக்கரா மேஜைக்குத் தமிழர்கள் அதிகம் போவதில்லை. போனால் முதல் நாளுக்கு அதைவிட எளிது வேறில்லை. எட்டுக் கட்டுச் சீட்டு, இரண்டே பக்கம்: பிளேயர், பேங்கர். எந்தப் பக்கத்தின் கூட்டு 9-க்கு அருகில் வருகிறதோ அதற்கே வெற்றி. சீட்டு எப்போது மூன்றாவது எடுப்பது என்பதெல்லாம் விதிப்படி தானாக நடக்கும், நீங்கள் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. பேங்கர் பக்கம் பிடித்தம் 1.06, பிளேயர் பக்கம் 1.24. பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதக் கமிஷன் கழித்துத் தருவார்கள். அதைக் கழித்த பிறகுதான் அந்த 1.06. ‘கமிஷன் இல்லை’ என்று ஒரு மேஜை இருக்கும். பேங்கர் 6-இல் ஜெயித்தால் பாதிதான் தருவோம் என்பது அங்கே விதி, பிடித்தம் 1.46-ஆக ஏறும். டை (இரு பக்கமும் சமம்) என்ற நடு இடத்தைத் தொடவே தொடாதீர்கள். எட்டு மடங்கு என்று காட்டும், பிடித்தம் 14.36. ஒரே மேஜையில் ஒரு அங்குலம் தள்ளி விரல் வைத்தால் விலை பதிமூன்று மடங்கு ஏறுகிறது. லாபி முழுக்க இவ்வளவு பெரிய வித்தியாசம் இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் அபூர்வம்.

அந்தர் பாகர் என்ற பெயரில் ஒரு மேஜை கண்ணில் படும். நம் ஊர் மங்காத்தாதான், உள்ளே வெளியே. நடுவில் ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, இரு பக்கமும் மாறி மாறிப் போட்டு, அதே எண் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே ஆட்டம். முதல் சீட்டு விழும் அந்தர் பக்கத்துக்கு 51.5 சதவீத வாய்ப்பு. அதனால் அந்தப் பக்கம் ஜெயித்தால் ஒன்றுக்கு 0.9 தருவார்கள், பாகருக்கு ஒன்றுக்கு ஒன்று. பிடித்தம் அந்தரில் 2.15, பாகரில் 3. ஊரில் ஆடிய நினைவில் முழுப் பணமும் கிடைக்கும் பாகரை எடுக்கத் தோன்றும். கணக்கு அந்தர் பக்கம் நிற்கிறது. பக்கத்தில் எத்தனை சீட்டில் முடியும் என்று கேட்கும் கூடுதல் பந்தயங்களை விட்டுவிடுங்கள்.

லாபியிலேயே உங்கள் கைக்குச் சரியாக வேலை கொடுக்கிற ஆட்டம் பிளாக்ஜாக். சீட்டுகளின் கூட்டு 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்துவதே ஆட்டம், தாண்டினால் கை உடைந்தது. எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அட்டவணைப்படி ஆடினால் பிடித்தம் ஏறக்குறைய அரை சதவீதம். மனம்போன போக்கில் ஆடினால் இரண்டு, மூன்று என்று ஏறும். எனவே இதில் முதல் நாளே இறங்காமல், அட்டவணையைப் படமாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலவச முறையில் இரண்டு மணி நேரம் பழகிவிட்டு வாருங்கள். அட்டவணையைப் பார்த்து ஆடுவதை யாரும் தடுப்பதில்லை. முதலில் மனதில் நிற்க வேண்டியவை இவை: உங்களிடம் 13 முதல் 16 வரை இருந்து, டீலரிடம் 2 முதல் 6 வரை ஏதாவது தெரிந்தால் நில்லுங்கள், 7 அல்லது மேலே என்றால் சீட்டு வாங்குங்கள். 12 இருந்தால் டீலரின் 4, 5, 6-க்கு மட்டும் நில்லுங்கள். ஏஸும் 6-உம் சேர்ந்த 17-இல் ஒருபோதும் நிற்காதீர்கள். அதில் ஒரு சீட்டு வாங்கினால் கை உடையாது. 10 ஜோடியைப் பிரிக்காதீர்கள், 5 ஜோடியையும் பிரிக்காதீர்கள். கையில் 11 இருந்து டீலரிடம் 2 முதல் 9 வரை தெரிந்தால் பந்தயத்தை இரட்டிப்பாக்குங்கள்.

புதியவர்கள் தடுமாறுகிற இடம் 16-க்கு எதிராக டீலரின் 10. வாங்கினால் உடைந்துபோவோமே என்ற பயத்தில் நிற்கிறார்கள். இரண்டு வழியிலும் பெரும்பாலும் தோற்கத்தான் போகிறோம், வாங்கினால் கொஞ்சம் குறைவாகத் தோற்போம், அவ்வளவுதான். டீலர் ஏஸ் காட்டும்போது திரையில் ‘இன்ஷூரன்ஸ் வேண்டுமா’ என்று பளிச்சிடும். டீலரின் அடுத்த சீட்டு பத்து மதிப்புள்ளதாக இருக்கும் என்று வைக்கும் பந்தயம் அது. எட்டுக் கட்டில் அந்த ஏஸ் போக மீதமுள்ள 415 சீட்டில் 128-தான் பத்து மதிப்புள்ளவை. மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு மடங்கு தருகிற அந்தப் பந்தயத்தில் பிடித்தம் ஏறக்குறைய 7.5 சதவீதம். பெயர் காப்பீடு என்று இருப்பதால் கவனமான ஆள்கூட அதில் விழுகிறார். எப்போதும் வேண்டாம் என்றே தொடுங்கள். மேஜையைத் திறந்ததும் பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21) 3-க்கு 2 தருகிறதா என்று பாருங்கள். 10 பவுண்டுக்கு 15 வர வேண்டும். 6-க்கு 5 என்றால் 12-தான் வரும், பிடித்தம் கூடுதலாக 1.4 சதவீதம். பர்ஃபெக்ட் பேர்ஸ், 21+3 என்று பக்கத்தில் உள்ள கூடுதல் பந்தய வட்டங்களில் பிடித்தம் ஏறக்குறைய 4 சதவீதம். அரை சதவீத ஆட்டத்தைத் தேடி வந்துவிட்டு அங்கே காசு வைப்பது வந்த வேலையைக் கெடுக்கும். இருக்கை கிடைக்கவில்லை என்றால் எத்தனை பேரும் ஒரே கையை ஆடுகிற மேஜைகள் இருக்கின்றன, அங்கே குறைந்தபட்சத் தொகையும் சிறியது.

டேபிள் என்ற பிரிவில் இருப்பதெல்லாம் கணினி ஓட்டுகிற ரூலெட், பிளாக்ஜாக். சதவீதம் லைவ் மேஜையைப் போலவே இருக்கும், வேகம்தான் வேறு. 2025 ஜனவரியிலிருந்து சுற்றுக்குக் குறைந்தது 5 விநாடி என்று விதி இருக்கிறது. அப்படியும் மணிக்கு 720 சுற்று. ஒரு பவுண்டு வீதம் 300 சுற்று ஆடினாலே ரூலெட்டில் 8.10 பவுண்டு. சக்கரமும் பிடித்தமும் லைவ் மேஜையில் இருந்ததேதான், ஆனால் மணிச் செலவு எட்டு மடங்கு நெருங்குகிறது. கணினி மேஜை இலவசப் பயிற்சிக்கு நல்லது. பணம் வைப்பதை லைவ் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பிரிவின் மூலையில், தேடினால் மட்டும் கிடைக்கிற ஒன்று வீடியோ போக்கர். ஐந்து சீட்டு வாங்கி, வேண்டாததைக் கழித்து ஒரு முறை மாற்றி, சேர்ந்த கைக்குப் பரிசு வாங்குவது இந்த ஆட்டம். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்று தட்டுங்கள். இதில் ஆர்டிபியை உதவிப் பக்கத்தில் தேடவே வேண்டாம், பரிசுப் பட்டியலே சொல்லிவிடும். ஒரு காயினுக்கு ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) 9, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 என்றால் சரியாக ஆடுபவருக்கு 99.54. 8-உம் 5-உம் என்றால் 97.30. அந்த இரண்டு எண்ணைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் கண் அங்கே போவதில்லை. எப்போதும் ஐந்து காயின் வையுங்கள், எல்லாவற்றிலும் பெரிய கையான ராயல் ஃபிளஷுக்கு 4,000 காயின் கிடைப்பது ஐந்து வைத்தால் மட்டுமே. கட்டுப்படியாகவில்லை என்றால் காயினின் மதிப்பைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ஒரு உதாரணம்: கையில் இரண்டு ராணி, கூடவே ஒரு ராணியோடு சேர்த்து நாலு இஸ்பேட். ஃபிளஷுக்குப் போகலாமா? வேண்டாம், ராணி ஜோடியை வைத்துக்கொண்டு மூன்றைக் கழியுங்கள். அதுவே ராணிக்குப் பதில் 6 ஜோடி என்றால் ஜோடியை உடைத்து ஃபிளஷுக்குப் போங்கள். இந்த மாதிரி இருபது முடிவு தெரிந்தவருக்கு லாபியிலேயே மலிவான இடம் இதுதான். தெரியாதவருக்கு அது ஒரு சுமாரான ஸ்லாட்.

ஸ்கிராட்ச், கீனோ, ஸ்லிங்கோ மூன்றையும் விட்டுவிடலாம். எளிமையாக இருக்கின்றன, அந்த எளிமைக்கு ஸ்லாட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ விலை வாங்குகின்றன. கிராஷ் வகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, அவியேட்டர் என்ற பெயர் ஊர் முழுக்கப் பரவியிருப்பதால். திரையில் விமானம் ஏற ஏறப் பரிசு மடங்கும் ஏறும், அது உடையும் முன் நீங்கள் இறங்கிவிட வேண்டும். ஆர்டிபி 97. இரண்டு மடங்கில் இறங்க நினைத்தால் விமானம் அதுவரை போகும் வாய்ப்பு 48.5 சதவீதம், பத்து மடங்கு என்றால் 9.7. எங்கே இறங்கினாலும் பிடித்தம் 3 சதவீதம்தான், இறங்கும் இடத்தில் தந்திரம் எதுவும் இல்லை. அடுத்த சுற்று எங்கே உடையும் என்று சொல்லித்தருவதாக விற்கும் ‘பிரெடிக்டர்’ ஆப் அத்தனையும் மோசடி. ஒன்றைக்கூட இறக்காதீர்கள்.

ஆக, வரிசை இப்படி அமைகிறது. முதல் மாலை: இலவச முறையில் சுற்றிப் பார்ப்பது. பிரிட்டனில் வயது சரிபார்த்த பிறகே அதுவும் திறக்கும், எனவே அடையாள ஆவணத்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். பணம் வைத்து ஆடுவதானால் முதலில் லைவ் பிரெஞ்சு அல்லது ஐரோப்பிய ரூலெட்டில் சரிசமப் பந்தயம், அல்லது பாக்கராவில் பேங்கர். அட்டவணை கைக்கு வந்த பிறகு பிளாக்ஜாக். ஸ்லாட் வேண்டும் என்றால் ஆர்டிபி பார்த்து, 10, 20 பென்ஸில், நேரம் குறித்துக்கொண்டு.

உள்ளே நுழையும் முன் பக்கத்தின் அடியில் உரிம எண்ணைத் தேடி, ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டு, நீங்கள் திறந்திருக்கும் இணைய முகவரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் திருடி ஒட்டிய தளங்கள் உண்டு, முகவரி பொருந்தாததுதான் காட்டிக்கொடுக்கும். முதல் டெபாசிட்டுக்கு முன் வரம்பு வைக்கச் சொல்லிக் கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள். மாத வாடகை, ஊருக்கு அனுப்புவது, சீட்டுப் பணம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதிலிருந்து ஒரு தொகை போடுங்கள். கிரெடிட் கார்டு 2020 ஏப்ரலிலிருந்தே செல்லாது, கடன் வாங்கிய வேறு பணத்துக்கும் அதே விதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வரவேற்பு போனஸை முதல் நாளில் மறுத்துவிடுவது நல்லது. 2026 ஜனவரியிலிருந்து போனஸை அதிகபட்சம் பத்து மடங்கு உருட்டச் சொல்லலாம் என்று வரம்பு வந்திருப்பது பெரிய முன்னேற்றம். இருந்தாலும் 50 பவுண்டு போனஸுக்கு 500 பவுண்டு உருட்ட வேண்டும். 4 சதவீத ஸ்லாட்டில் அதற்குச் செலவு 20 பவுண்டு. பிளாக்ஜாக்கிலோ ரூலெட்டிலோ உருட்டினால் கணக்கில் சேராது என்று பெரும்பாலும் நிபந்தனையில் இருக்கும். போனஸை ஏற்றுக்கொண்ட நிமிடமே நீங்கள் தேர்ந்த பிரிவிலிருந்து திரும்பவும் முன்வரிசை ஸ்லாட்டுக்கு வந்துவிடுகிறீர்கள்.

வைத்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், தோற்றதை மீட்க அடுத்த நாளும் திறக்கிறீர்கள், வீட்டில் மறைக்கிறீர்கள் என்றால் பிரிவு மாற்றிப் பார்த்துப் பயனில்லை. கேம்ஸ்டாப்பில் பெயர் கொடுத்தால் பிரிட்டன் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் உங்களுக்கு அடைபடும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம், இடையில் மனம் மாறினாலும் திறக்காது. பெரும்பாலான வங்கிகளின் ஆப்பிலேயே சூதாட்டக் கட்டணத்தைத் தடுக்கும் பொத்தான் இருக்கிறது. தேசிய உதவி எண் 0808 8020 133, இலவசம், இரவிலும் எடுப்பார்கள். இதைச் செய்த பிறகு ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோ’ என்ற விளம்பரங்கள் உங்களைத் தேடி வரும். அந்தத் தளங்களுக்குப் பிரிட்டன் உரிமம் கிடையாது. மேலே சொன்ன 2.5 விநாடி, 5 பவுண்டு, பத்து மடங்கு எந்த விதியும் அங்கே உங்களைக் காக்காது.